மூளைச்சாவு அடைந்தவர் 'உயிருக்குப் போராடவில்லை'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறுப்பு தானச் செய்திகளில் 'மூளைச்சாவு அடைந்து உயிருக்குப் போராடி வந்தவரின் உறுப்புகள் அகற்றப்பட்டன, பின்னர் அவர் உயிர் பிரிந்தது' என்ற பாணியில் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன. மூளைச்சாவு என்றால் மூளை மீளமுடியாமல் செயலிழந்துவிட்டது, அவர் இறந்துவிட்டார் என்றே பொருள். இதைப் படிக்கும் குடும்பம், உயிரோடு இருந்தவரை அறுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கும்.

நமக்குச் சாவு என்றால் மூச்சு. மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறோம். இழுத்துக்கொண்டு கிடப்பவருக்குப் பால் ஊற்றுகிறோம். மூச்சு அடங்கிய பிறகுதான் நாடிக்கட்டும் கால் கட்டைவிரல் கட்டும். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அதன்பிறகே 'பாடி எப்ப வரும்' என்று கேட்கிறார்கள். ஐசியூ கட்டிலில் இந்த அடையாளம் ஒன்றுகூட இருக்காது. வென்டிலேட்டர் தள்ளும் காற்றில் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். இதயம் துடிப்பதற்கான மின்தூண்டல் இதயத்திலேயே பிறப்பதால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளை செத்தாலும் அது துடிக்கும். சிலருக்குக் கையே மெல்ல உயர்ந்து மார்புக்கு வரும். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். முன்கூட்டியே இதைச் சொல்லி வைக்காவிட்டால் 'கை அசைஞ்சுது' என்று உறவினர்கள் பதறுவார்கள். அந்தப் பதற்றத்தில் தவறே இல்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறையாவது விரிவாக வெளியிடுங்கள். முதலில் காரணம் தெரிய வேண்டும். மயக்க மருந்து, விஷம், உடல் குளிர்ந்துபோதல் எதுவும் இருக்கக் கூடாது. கட்டுவிரியன் கடித்தவர் மூச்சின்றி, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காமல் கிடப்பார். ஆனால் மூளை நன்றாக இருக்கும், வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். அதனால்தான் இவ்வளவு கறார். பிறகு கண்ணில் டார்ச் அடிப்பது, கருவிழியைப் பஞ்சால் தொடுவது, காதுக்குள் ஐஸ் தண்ணீர் செலுத்திக் கண் நகர்கிறதா என்று பார்ப்பது, தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பது. கடைசியாக மூச்சுச் சோதனை. நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, நெஞ்சை மூடாமல் 8 முதல் 10 நிமிடம் பார்ப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டியும் ஒரு மூச்சுகூட வரவில்லை என்றால், மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு செத்துவிட்டது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து இத்தனையையும் மறுபடி செய்து, நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் சொல்வது இது.

கோமா வேறு. அதில் மூளைத்தண்டு வேலை செய்யும், மீளவும் வாய்ப்பு உண்டு. 'மூளைச்சாவிலிருந்து பிழைத்தார்' என்று தலைப்பிடும் முன், இரண்டு மூச்சுச் சோதனையும் முடிந்திருந்ததா என்று நிருபர் கேட்டால் போதும்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் 1968இல் நடந்த முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையைச் சுற்றி எழுந்த சர்ச்சையால், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்கச் சட்டம் வர 1997 ஆகிவிட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணம், மத நம்பிக்கைக்கு மாறானது என்றால் மூளைச்சாவைச் சாவாக அறிவிக்கக் கூடாது என்று 1991இல் சட்டம் போட்டது. ஆனால் 1986இல் ஜோர்டானின் அம்மானில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவை, மூளை மீளமுடியாமல் செயலிழந்தால் அதுவும் மரணமே என்று ஏற்றது. மதம் என்றாலே தடை என்று எழுதிவிட முடியாது.

நம் சட்டத்திலேயே குழப்பம் இருக்கிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவையும் மரணமாக ஏற்கிறது. ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் எல்லா அடையாளமும் நிரந்தரமாக மறைவதையே மரணம் என்கிறது. அதனால் குடும்பம் தானத்துக்குச் சம்மதிக்காதபோது, வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவமனைகள் தயங்குகின்றன. இதயம் நிற்கும்வரை உறவினர்கள் வராந்தாவில் காத்துக் கிடக்கிறார்கள்.

பத்திரிகை செய்யக்கூடியது சிறிய காரியம். 'உயிருக்குப் போராடி' வேண்டாம். 'உயிர்காக்கும் கருவி' வேண்டாம், 'செயற்கை சுவாசக் கருவி' போதும். உறுப்புகளை எடுத்தபின் உடலைத் தைத்துத்தான் தருவார்கள், குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தலாம், எந்தச் சடங்கும் நின்றுபோகாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இறந்த நேரத்தையும் சரியாகப் போடுங்கள். சான்றிதழ் இன்று மாலை, அறுவை சிகிச்சை நாளை விடியற்காலை என்றால் இடையில் திதியே மாறிவிடலாம். கருமாதிக்கு நாள் எண்ணும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சான்றிதழில் உள்ள நேரம்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
மதுரை