‘மிச்சம் மீதி’ இல்லை ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் கனடா நாட்டுப் பாடகர் லெனர்டு கோஹன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் 1997-ல் வந்த ‘மோர் பெஸ்ட் ஆஃப் லெனர்டு கோஹன்’ பாட்டுத் தொகுப்பைக் கட்டுரையாளர் ‘மிச்சம் மீதி’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாரே, அதுதான் மனசு ஆறவில்லை.

அந்த சி.டி. என்னிடம் இருக்கிறது. 1998-ல் கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மைத்துனர் கொடுத்தது. மூடி ஒடிந்துபோய், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். மொத்தம் 13 பாட்டு. இளவயசுப் பாட்டுகளுக்கு 1975-லேயே ஒரு தொகுப்பு வந்துவிட்டது. இது ஐம்பதைத் தாண்டிய கோஹன். 1988-ல் வந்த ‘ஐ’ம் யுவர் மேன்’ ஆல்பத்திலிருந்து நாலு, 1992-ல் வந்த ‘தி ஃபியூச்சர்’ ஆல்பத்திலிருந்து நாலு. குரல் கிணற்றடிக்கு இறங்கியிருக்கும். ‘டவர் ஆஃப் சாங்’ கேட்டுப் பாருங்கள். கீபோர்டு பழகுகிற பையன்கள் ரிதம் பட்டனை அமுக்கிவிட்டு வாசிப்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரித் தாளம்தான். தலை நரைத்துவிட்டது, உடம்பு வலிக்கிறது என்று ஆரம்பிக்கிற மனுஷன், தனக்குப் பிறவியிலேயே தங்கக் குரல் என்று நடுவில் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார். இருபத்தைந்து வயதில் யாரும் எழுத முடியாத பாட்டு அது.

அப்புறம் ‘ஹல்லேலூயா’. கட்டுரையில் அதைப் பக்திப் பாடல் என்று போட்டிருக்கிறது. நான் முப்பது வருஷமாக எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவன். போன வருஷம் ஒரு கல்யாணத்தில், பெண் உள்ளே நடந்து வரும்போது இதைத்தான் வாசிக்க வேண்டும், பாடகர் குழு பாடவும் வேண்டும் என்றார்கள். “அல்லேலூயான்னுதான வருது, அப்புறம் என்ன அண்ணாச்சி?” என்றார் பெண்ணின் அப்பா. எங்கள் போதகர் ஐயரிடம் போனேன். அவர் செல்போனில் வரிகளைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பைபிளில் தாவீது ராஜா மாடியிலிருந்து அடுத்தவன் மனைவி பத்சேபாளைப் பார்த்த கதையும் சிம்சோனின் முடி போன கதையும் பின்னிக் கிடக்கிற பாட்டை மணவறை முன்னால் எப்படிப் பாடுவது? கடைசியில் மெட்டை மட்டும் வாசித்தேன். மெட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலாவது, ஐந்தாவது, மைனர், மேஜர் என்று வரி சொல்லச் சொல்ல கார்டும் (சேர்த்து அமுக்குகிற சுரங்கள்) அப்படியே கூடப் போகும். சி மேஜரில் வாசித்தால் எஃப், ஜி, ஏ மைனர், மறுபடி எஃப். வாசிக்கிறவனுக்குத்தான் அந்த விளையாட்டு தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொகுப்பில் அந்தத் தாவீது சரணமே கிடையாது! முதல் பதிவு 1984-ல் வந்த ஆல்பத்தில். அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய ரெக்கார்டு கம்பெனியே மறுத்தது. தொகுப்பில் இருப்பது 1988-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து மேடையில் பாடியது. கடைசிச் சரணத்தைத் தவிர எல்லாமே வேறு. வேதத்து ஆட்கள் இறங்கிப்போய், தனியாக வாழ்ந்த பழைய அறையும் கசந்துபோன காதலும் வந்து உட்கார்ந்துவிட்டன. 1991-ல் ஜான் கேல் என்ற பாடகர் இரண்டு வடிவத்திலிருந்தும் சரணங்களை எடுத்துச் சேர்த்துப் பாடினார். 1994-ல் இன்னொரு பாடகர் ஜெஃப் பக்லி பாடியது அந்த வழியில்தான். ஊரெல்லாம் இன்று பாடுவது பெரும்பாலும் அந்தக் கலவையை. கோஹன் தானே மாற்றிப் பாடியதை இந்த சி.டி.யில் கேட்கலாம். ‘சூசன்’, ‘டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்’ இரண்டும்கூட இதில் மேடைப் பதிவுகளே.

இன்னொன்று. தொகுப்பு வந்த சமயத்தில் அவர் கலிஃபோர்னியாவில் மவுண்ட் பால்டி மலையில் ஜென் பௌத்தத் துறவி. 1996-ல் முறைப்படி தீட்சை வாங்கியிருந்தார். 1992-க்குப் பிறகு அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் 2001-ல்தான். ஒன்பது வருஷம் காத்திருந்தவர்களுக்கு இடையில் கிடைத்த புதுச் சரக்கு இந்த சி.டி.யின் கடைசி இரண்டு பாட்டுகள். அதிலும் ‘தி கிரேட் ஈவென்ட்’டில் கோஹனின் குரலே இல்லை. கம்ப்யூட்டர் குரல் ஒன்று, பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா என்ற பியானோ இசையைத் தலைகீழாக வாசித்து உலகத்தின் துன்பத்தைத் திருப்பிவிடப் போவதாகச் சொல்கிறது. முதல் தடவை கேட்டபோது சி.டி. கெட்டுவிட்டது என்று மைத்துனர் எழுந்துபோய்த் துடைத்துப் போட்டார். எனக்கும் அது பிடித்த பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சம் மீதி என்று அதை எப்படிச் சொல்வது?

கட்டுரையாளர் பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் சி.டி.யைத் தருகிறேன். ரப்பர் பேண்டோடு திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கோயில் ஆர்கன்காரர்,
பாளையங்கோட்டை