ஆண்டறிக்கை 2024-25: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கச் செயற்குழு ஆறு முறை கூடியது. கொசு மருந்து, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மனுக்கள் வழக்கம்போல் போயின. தெருவிளக்கு மட்டும் எரிகிறது.

அதிக நேரம் பிடித்தது நம் வார்டு மாநகராட்சிப் பள்ளிதான். மூன்று ஆண்டுக்கு முன் நாம் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி இப்போது துணி போர்த்திக் கிடக்கிறது. அதை வைத்துப் பாடம் நடத்திய டீச்சர் மாறுதலில் போய்விட்டார். ரிப்பேர் செலவு யார் கணக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கொடுத்த அன்று நாமும் கேட்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சென்னைக்கு இது பழைய கதை. 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது, வருகையும் கூடியது. 1925இல் நின்றுபோனது. சோற்றில் குறையில்லை. தொடக்கக் கல்வி நிதியில் இந்தச் செலவைக் காட்டக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

2003இல் ஆணையர் எம்.பி.விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். உட்காரப் பாய், பாட அட்டை, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் கற்றல் ஏணி, பிள்ளைகள் கைக்கு எட்டும் கரும்பலகை. அது 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனதற்கு, அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனதும் ஒரு காரணம் என்பேன். எல்லாத் திட்டத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. அதிகாரி மாறினால் கோப்பு அடியில் போய்விடும். நம் சங்கத்திலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னது: "கிழிஞ்ச அட்டைக்குப் பதில் அட்டை வந்தாத்தானே சார் ஏணி ஏற முடியும்?" 2022இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கும் எழுத்தும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதற்கும் தனிப் பயிற்சி, தனிப் புத்தகம்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். புரொஜெக்டர் வாங்கித் தர ஒருவர் முன்வந்தார். செயற்குழு நன்றி சொல்லி மறுத்துவிட்டது. எனக்கும் அதில் வருத்தம்தான், ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பதிலாக, நம் வரவு செலவில் 'பள்ளிப் பராமரிப்பு' என்று நிரந்தரத் தலைப்பு ஒன்று வேண்டும், நிர்வாகிகள் மாறினாலும் பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் அதை எடுக்கக்கூடாது என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். தொகை பொருளாளர் அறிக்கையில் உள்ளது.

டிவி மெக்கானிக் சனிக்கிழமை காலை வருகிறார். அறைச் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. யாராவது ஒருவர் கூடப் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்