அண்ணனுக்கு, தெவசத்துக்கு முன்னாடி

அண்ணே,

அம்மாவோட இதயத்த துடிக்க வைக்க நெஞ்சுக்குள்ள வச்சிருந்த மிஷின், அந்த பேஸ்மேக்கர, நீ நெனச்ச மாதிரி காவிரில விடல. நேத்து குடுத்துட்டேன், நர்சிங் காலேஜ்ல பசங்களுக்கு காட்டி பாடம் நடத்த கேட்டாங்க. போன்ல சொன்னா கத்துவ, அதான் இங்க எழுதுறேன். சித்தப்பா வீட்டு பசங்களும் இத படிப்பாங்கன்னு தெரியும், அதனால ஆஸ்பத்திரி செலவு கதைக்குள்ள நான் போகல.

உள்ள லித்தியம் பேட்டரிண்ணே, அதையா ஆத்துல போடுவாங்க. குடமுருட்டில ஏற்கனவே கொட்டுறது பத்தாதா.

அன்னிக்கு வாசல்ல பாடை கட்டிக்கிட்டு இருந்தாங்க, டாக்டர் உள்ள வந்து கதவ சாத்துனாரு. கரண்ட் வேற இல்ல. நான்தான் செல்போன் டார்ச் புடிச்சேன். போன அரை அடி தள்ளி வையி, வலது காதுல பேசுன்னு அம்மாவ வெரட்டிக்கிட்டே இருந்தவ நானு, அதே போன நெஞ்சுக்கு அவ்ளோ கிட்ட புடிச்சிக்கிட்டு நின்னேன், கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. இடது காரை எலும்புக்கு கீழ சின்னதா கீறுனாரு. எடுக்காம விட்டா எரியுறப்ப வெடிச்சிரும்னு அவரு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நீ கதவ தள்ளிட்டு வந்து "எடுக்காதீங்க, அதுவும் அம்மாதான்"ன. நான் எடுங்கன்னேன். நீ என்ன பாத்த பார்வைய இன்னும் மறக்கல.

அதுவும் அம்மாதானாம். ஆபரேஷனுக்கு முன்னாடி இத சொல்லியிருந்தா உன் கால்லயே விழுந்திருப்பேன். அப்ப என்ன சொன்ன? இந்த வயசுல உடம்புக்குள்ள மிஷின் எதுக்கு, இயற்கையா இருக்கட்டும்ன. யாரு, மனுஷ உடம்பும் மிஷினும் கலந்த சைபார்க்க பத்தி டோனா ஹாராவே எழுதுன 1985 கட்டுரைய கிளாஸ்ல வரிவரியா நடத்துற ஆளு. இயற்கை, செயற்கைங்குற கோடே நாம போட்டதுதான்னு எனக்கு சொன்னதே நீதான், பாபநாசத்துல டீக்கடை பெஞ்சுல, லியோத்தார், பெருங்கதையாடல்னு என்னென்னமோ சொல்லுவ, பாதி புரியாது, ஆனா பத்தாவது படிக்கிற பொண்ணுகிட்ட அதெல்லாம் பேச வேற யாரு இருந்தா எனக்கு.

உன்ன கேக்காம கையெழுத்து போட்டதுக்கு மன்னிச்சுக்க. ஆனா துடிப்பு 34க்கு இறங்கி கொல்லையில விழுந்து கெடந்துச்சு அம்மா, நீ மதுரையில கருத்தரங்குல போன ஆஃப் பண்ணி வச்சிருந்த. திரும்ப நடந்தாலும் போடுவேன்.

1958ல ஸ்வீடன்ல லார்சன்னு ஒருத்தருக்குத்தான் முதமுதல்ல உடம்புக்குள்ள வச்சாங்களாம், வச்ச முத மிஷின் சில மணி நேரத்துலயே நின்னு போச்சு, அவரு 20க்கும் மேல மாத்தி மாத்தி 2001 வரைக்கும் இருந்துருக்காரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து இத அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன். "மிஷினு நின்னா நான் நிப்பேன், நான் நின்னா மிஷினு நிக்குமாடி"ன்னு கேட்டுச்சு. நிக்காதாம். அது பாட்டுக்கு துடிப்பு அனுப்பிக்கிட்டே இருக்குமாம், இதயந்தான் கேக்காது. டாக்டர் அன்னிக்குத்தான் சொன்னாரு.

செக்கப்புல அந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல எதையோ தட்டுனா அம்மாவுக்கு நெஞ்சு வேகமா அடிக்கும், "எவடி அவ எனக்குள்ள"ன்னு சிரிக்கும். 1960ல கிளைன்ஸ், க்ளைன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க விண்வெளிக்கு போறவனுக்காக யோசிச்ச சைபார்க், நம்ம ஊர்ல சுருக்குப்பையில வெத்தலையோட பேஸ்மேக்கர் கார்டையும் சொருகிக்கிட்டு களையெடுக்க ஆள் கூட்டிட்டு போச்சு. நீ ஒரு நாளாவது வந்து பாத்தியா? இதுக்கு மேல இங்க வேண்டாம்.

இப்ப பஸ் ஸ்டாண்டுல தெய்வத்திருமதின்னு ஃப்ளெக்ஸ் வச்சிருக்க. பெண் தெய்வமா இருக்குறதுக்கு சைபார்க்காவே இருந்துட்டு போறேன்னுதானே ஹாராவே முடிக்குறாங்க, அத எனக்கு அடிக்கோடு போட்டு குடுத்தவன் நீதானண்ணே. உசுரோட இருந்தப்ப அது அம்மாதான், அப்ப நீ ஒத்துக்கல. செத்தப்புறம் அது வெறும் பேட்டரி, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்குற.

போட்டோ நல்லா இருக்கு. எங்க புடிச்ச அந்த போட்டோவ?

வியாழக்கிழமை சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. அண்ணிக்கு முட்டி வலின்னா நாற்காலி போட்டு வைக்கிறேன், கூட்டிட்டு வா. இங்க பெரண்டை கெடைக்கல, உங்க வீட்டு வேலியில இருந்தா பறிச்சிட்டு வந்துரு.