வசந்திக்கு, அண்ணனின் மாத்திரை பற்றி

பொள்ளாச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணனுக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் என்று படித்ததும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நாம் ஹாஸ்டலில் இருந்தபோது மாதம் தவறாமல் முறுக்கு டின்னோடு வந்து நிற்பாரே, அந்தக் கையா இப்போது நடுங்குகிறது? போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். சொல்ல வேண்டியதும் கொஞ்சம் நீளமானது.

டாக்டர் ப்ராமிபெக்ஸோல் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நல்ல மருந்துதான். என் அப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் சட்டைப் பொத்தானை மறுபடி தானே போட்டுக்கொண்டார். ஆனால் அந்த மாத்திரையால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கம் பார்க்கிற நேரமில்லை.

அப்பாவை உனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் 36 வருடம் கணக்கு எழுதியவர். டீ குடித்த காசைக்கூட நோட்டில் குறித்து வைப்பார். மாத்திரை அளவைக் கூட்டி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். "காலாற நடந்துட்டு வரேன்" என்று காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவார். நடை சரியாகிவிட்டது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஒருநாள் அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கும்போது பின்னால் ஒரு மஞ்சள் பை. உள்ளே கேரள லாட்டரிச் சீட்டுகள், கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு. கூடவே ஒரு நோட்டு. தேதி, சீட்டு எண், தொகை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பக்கத்தின் மேலே உளுந்து அளவில் இருந்த எழுத்து கீழே வரும்போது எள் அளவாகிவிட்டது. கூட்டல் மட்டும் எங்கேயும் பிசகவில்லை. 1,87,450 ரூபாய்.

நம் பக்கம் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கோபாலபுரம் தாண்டினால் கேரளம். பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறார்.

பேரப்பிள்ளைகள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன். "இந்த வயசுல என்னப்பா பேராசை?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆசையெல்லாம் இல்லம்மா. போகணும்னு தோணுது, போயிடறேன். சீட்டு விழலைன்னாலும் மனசுக்கு ஒண்ணும் ஆகறதில்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அன்றைக்கு நான் காதில் வாங்கவே இல்லை.

அப்போது பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னதில்லை. வேறு ஒருவரிடம் போனபோது, அவர் நடுக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "மாத்திரை ஆரம்பிச்ச பிறகு புதுசா ஏதாவது பழக்கம் வந்திருக்கா? சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குறது, ராத்திரி எழுந்து சாப்பிடுறது?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் விழுந்து விழுந்து படித்தேன். வசந்தி, நம் விலங்கியல் வகுப்பில் நடு மூளை என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார்களே, அங்கே கறுப்பாக ஒரு பட்டை இருக்கும், சப்ஸ்டான்ஷியா நைக்ரா. மூளைச் செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கேதான். பார்க்கின்சன் நோயில் இவை செத்துக்கொண்டே வருகின்றன. பாதிக்கு மேல் போன பிறகுதான் கை நடுங்குவதே நமக்குத் தெரிகிறது.

இந்தச் செல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தவர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளர். 1980-களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில், குரங்கின் மூளையில் தலைமுடி போன்ற மின்முனையை இறக்கிப் பதிவு செய்தார். டோபமைன் குறைந்தால் அசைவு போகிறது, ஆகவே அசையும்போதுதான் இந்தச் செல்கள் துடிக்கும் என்று எதிர்பார்த்தார். அவை அசைவைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஒரு பெட்டிக்குள் குரங்கு கையை விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விரலில் ஆப்பிள் துண்டு பட்டதும் செல் படபடவென்று துடித்தது. வெறும் கம்பி பட்டால் சும்மா இருந்தது. கை நீண்டது இரண்டு முறையும் ஒரே மாதிரிதான்.

அப்புறம் விளக்கு எரிந்து சற்று நேரத்தில் பழச்சாறு வருகிற மாதிரி பழக்கினார்கள். சில நாளில் சாறு வரும்போது செல் துடிப்பது நின்றுபோய், விளக்கு எரியும்போதே துடித்தது. விளக்கை எரித்துவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் செல் அடங்கிப்போனது. எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தால் துடிப்பு, எதிர்பார்த்தபடியே நடந்தால் வழக்கம்போல, ஏமாந்தால் மௌனம். பீட்டர் டாயன், ரீட் மாண்டேக் இருவரோடும் சேர்ந்து இதை 1997-ல் எழுதினார். 2017-ல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசும் கிடைத்தது.

அந்த மௌனம்தான் எனக்கு அப்பாவைப் புரியவைத்தது. சீட்டு விழாதபோது நமக்கெல்லாம் உள்ளே ஒன்று சுருங்கும். ப்ராமிபெக்ஸோல் டோபமைன் வேலையைத் தானே செய்கிறது, நாள் முழுக்க ஒரே அளவில். செல் அடங்கினாலும் அந்த அடக்கம் தெரியாமல் மாத்திரை மூடிவிடுகிறது என்பதுதான் விளக்கம். 2004-ல் மைக்கேல் ஃபிராங்க் என்பவர் நோயாளிகளுக்குத் திரையில் ஜப்பானிய எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவார்கள். மருந்து சாப்பிட்டிருந்தவர்கள் சரியானதிலிருந்து நன்றாகக் கற்றார்கள், தப்பிலிருந்து கற்கவில்லை. மருந்தில்லாதபோது நேர்மாறு. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. "மனசுக்கு ஒண்ணும் ஆகறதில்ல" என்று அப்பா தன் வாயாலேயே சொல்லியிருந்தாரே!

இன்னொன்றும் உண்டு. நோயில் முதலில் வறண்டுபோவது அசைவை ஆளும் பகுதி. ஆசையை ஆளும் பகுதியில் டோபமைன் அவ்வளவாகக் குறைந்திருக்காது. காய்ந்த வயலுக்கு என்று மடையைத் திறந்தால் பக்கத்தில் ஏற்கெனவே நனைந்திருக்கும் வயல் மூழ்காதா? அதுதான் நடக்கிறது. கொக்கெய்ன் போன்ற போதைப் பொருளும் இதே வாய்க்காலில்தான் வெள்ளம் விடுகிறது.

நீ பயப்படக் கூடாது. எல்லோருக்கும் இது வராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் விசாரித்து 2010-ல் வெளியிட்டார்கள். இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கட்டுக்கடங்காத பழக்கம் இருந்தது, சாப்பிடாதவர்களில் 6.9 சதவீதம். அண்ணனுக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். ஆனால் அண்ணியிடம் நீ முன்கூட்டியே சொல்லிவிடு. பேங்க் பாஸ்புக்கையும், போனில் ரம்மி மாதிரி ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல். ஏதாவது கண்டால் கோபப்பட்டு மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் மனச்சோர்வும் ஆளை முறித்துப் போட்டுவிடும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அது வெறும் வீட்டு வைத்தியம் இல்லை. அந்த விதையில் லெவோடோபா, அதாவது மூளைக்குப் போய் டோபமைனாக மாறுகிற பொருள், இருக்கிறது என்று 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். அந்த லெவோடோபா இந்த நோய்க்கு மருந்தானது 1960-களில்தான். நம் கல்லூரியில் இதை யாருமே சொல்லவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம். ஆனால் அதனாலேயே சொல்கிறேன், டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதே. மாத்திரைக்கு மேல் மாத்திரை கொடுத்த கதையாகிவிடும்.

மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷன் பற்றி இப்போதே கவலை வேண்டாம். பிரான்சின் கிரெனோபிளில் பெனபிட் என்ற டாக்டர் 1987-ல் தொடங்கிய முறை அது. மருந்து சரிவர எடுபடாத கட்டத்தில்தான் பெரும்பாலும் அதை யோசிப்பார்கள். அண்ணன் அந்த இடத்துக்கு வரவில்லை.

அப்பாவுக்கு மாத்திரையைக் குறைத்து லெவோடோபாவைக் கூட்டினார்கள். நாலைந்து வாரத்தில் கோபாலபுரம் போவது நின்றது. ஒரு சாயங்காலம் அந்த மஞ்சள் பையை அவரே எடுத்து வந்து என் மடியில் வைத்து, "அடுப்புல போட்டுரும்மா" என்றார். சீட்டுகளைப் போட்டேன். நோட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். நான் கத்தியதற்கு அவர் இருந்தவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "விடும்மா" என்பார்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை திருச்சி வருகிறேன். அண்ணனுக்கு முறுக்கு நான் எடுத்து வருகிறேன். நீ எதுவும் செய்யாதே.

அன்புடன்,
மல்லிகா