புக்கிட் நானாஸ் ஜெலுத்தோங்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் தை மாதம் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கட்டாயம் வருவோம்.

போன ஞாயிறு புக்கிட் நானாஸ் காட்டுக்குப் போயிருந்தேன். 1906இல் காப்புக்காடாக அறிவித்த இடம். முன்பு 17.5 ஹெக்டேர், இன்று 9 ஹெக்டேர் சொச்சம்தான். கோலாலம்பூர் நடுவில் பழைய காடு என்று மிஞ்சியிருப்பது அவ்வளவே.

நான் பார்க்கப் போனது கே.எல். கோபுரத்தின் அடியில் நிற்கும் ஜெலுத்தோங் மரத்தை. நூறு வயதைத் தாண்டியது. பினாங்கில் நீ இருக்கும் ஜெலுத்தோங் ஊரில் ஒரு காலத்தில் நின்ற அதே ஜாதி. 421 மீட்டர் கோபுரம் கட்டும்போது இதை வெட்டியிருந்தால் ஏன் என்று கேட்க ஆள் இருந்திருக்காது. வெட்டவில்லை. 4 லட்சத்து 30 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) செலவில் தடுப்புச் சுவர் கட்டிக் காப்பாற்றினார்கள். ஒரே ஒரு மரத்துக்காக! நெட்டக்குத்தலாக ஏறும் அடிமரம். நன்றாக அண்ணாந்தால்தான் இலை கண்ணில் படுகிறது.

இதுவும் பால் மரம்தான், செல்வா. காட்டுக்குள் போய் இதன் பாலை எடுத்திருக்கிறார்கள். சூயிங்கம் செய்ய வெளிநாட்டுக்குக் கப்பலேறியிருக்கிறது. இன்னொரு பக்கம் மலாயாவில் பல இடங்களில் காட்டை அழித்து, பிரேசிலிலிருந்து வந்த ரப்பரை நட்டார்கள். அதில் பால் வெட்ட நம் தாத்தாக்கள் வந்தார்கள். நாம் கண் திறந்தபோது சுற்றிலும் நிரை நிரையாக ரப்பர். அதற்கு முன்னால் அங்கே என்ன நின்றது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. இப்படிப்பட்ட மரங்கள்தான் நின்றிருக்கின்றன.

ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனையும் போய், தோட்டத்தில் நம் லயம் இருந்த இடத்தில் இப்போது தாமான், வீடமைப்புப் பகுதி. கோயில் முன்னால் நின்ற ஆலமரத்துக்குக்கூட யாரும் சுவர் எழுப்பவில்லை. ஜெலுத்தோங் அடியில் நின்றபோது இதுதான் மனதை அறுத்தது. செலவழிக்க மனம் இருந்தால் ஒரு மரத்தை நிறுத்திவைக்க முடியும் என்று அங்கே கண்ணால் பார்க்கிறோமே. நம் மரத்துக்கு மட்டும் ஏன் யாருக்கும் அந்த மனம் வரவில்லை?

சரி, ஒன்று கேட்கிறேன். பினாங்கு தாவரப் பூங்கா 1884இல் அமைத்தது. அங்கே நட்டு வளர்க்காத, காட்டோடு இருந்த பழைய மரம் ஏதாவது நிற்கிறதா? நீ காலையில் நடக்கப் போகிற இடம்தானே, பூங்கா ஆட்களிடம் விசாரித்து எழுது. கல்யாணத்துக்கு வரும்போது ஒரு நாள் கூடத் தங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்