இரண்டு ஷட்டர், ஒரே கல்லா

சைதாப்பேட்டை,
சென்னை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், அங்கு உங்கள் அனைவரின் நலமும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. கறி வெட்டும் கட்டையடியில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கறிக்கடையை மூடிவிட்டு மளிகையை மட்டும் வைத்துக்கொண்டால் விடியற்காலையில் எழ வேண்டாம், தோள்வலியும் குறையும் என்று நீ சொன்னது அக்கறையால்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டு கடைகளும் எப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அன்று இரவுதான் உறைத்தது.

முதலில் கறிக்கடை மட்டும்தான் வைத்திருந்தேன். முதல் புரட்டாசியிலேயே புத்தி வந்துவிட்டது. மாதம் முழுவதும் பாதி ஆடுகூட விற்காத நாட்கள் உண்டு. அதற்கு மேல் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி என்று மாநகராட்சி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லும் நாட்கள் வேறு. பக்கத்துக் கடை காலியானதும் அதையும் வாடகைக்கு எடுத்து, நடுவில் கூரை முட்டச் சுவர் எழுப்பினேன். அந்தச் சுவர் இல்லாவிட்டால் பின்தெருவிலுள்ள சைவ வீட்டார் துவரம்பருப்பு வாங்கக்கூட வந்திருக்க மாட்டார்கள். தராசு வேறு, கை துடைக்கும் துண்டு வேறு, வேலைக்கு நிற்கும் பையன்களும் வேறு. கல்லா மட்டும் ஒன்று.

அந்தக் கல்லாவில்தான் சூட்சுமம் இருக்கிறது. மளிகை மாதக் கணக்கில் போகிற வியாபாரம். சம்பளம் வந்த பிறகுதான் நோட்டில் இருப்பது கைக்கு வரும். கொத்தவால் சாவடியில் சரக்குப் போடுகிறவரோ அதுவரை காத்திருக்க மாட்டார். கறிக்கு மட்டும் யாரும் கடன் சொல்வதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கறிப் பணம்தான் திங்கட்கிழமை பருப்பு மூட்டையாகவும் எண்ணெய் டின்னாகவும் கடைக்கு வந்து இறங்கியது. புரட்டாசியில் அந்தக் கடனை மளிகை திருப்பிக் கொடுத்தது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது நீ ஊரில் இல்லை. மளிகைப் பக்கம் அரிசி, பருப்பு, சர்க்கரை அனைத்தும் ஊறி நாறிவிட்டன; கடன் நோட்டும் கூழாகிவிட்டது. பாக்கியை நினைவாகக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு, வாய் திறக்காதவர்களும் உண்டு. (யார் யார் என்று உன் அம்மா இன்றும் விரல்விட்டுச் சொல்வாள்.) கறிக்கடையில் வெள்ளம் கொண்டுபோக என்ன இருந்தது? புளியங்கட்டை இருந்த இடத்திலேயே நின்றது. கத்திகளைக் கழுவித் தீட்டினோம். தண்ணீர் வடிந்த பிறகு ஒற்றை ஆட்டில் தொடங்கி, அந்தப் பணத்தைச் சுழற்றித்தான் மளிகைப் பலகைகளை மறுபடி நிரப்பினேன்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடு அறுக்கும் தொட்டியில் மாநகராட்சி மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய ஆட்டுடலைத் தோளில் சுமந்து வந்து கொக்கியில் மாட்டிய பிறகு, வெட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குழம்புக்கா, வறுவலுக்கா, பிரியாணிக்கா? குழம்புக்கு நெஞ்செலும்பும் கழுத்தும், பிரியாணிக்குத் தொடையும் முன்சப்பையும் கலந்து, துண்டு சற்றுப் பெரிதாக. எலும்பில் கத்தி ஒரே தடவைதான் இறங்க வேண்டும். மறுவெட்டு விழுந்தால் எலும்புச் சில்லு கறியில் ஏறி, சாப்பிடும்போது பல்லில் நெருடும். சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், இருக்கிறதா என்று ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டால், அங்கே ஒரு பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, அடுத்த முறை கேட்காமலே எடுத்துவைப்பேன். இரவில் கட்டையைச் சுரண்டிக் கல்லுப்புப் போட்டுத் தேய்க்கும் வேலையை மட்டும் இதுவரை வேறு யாரிடமும் விட்டதில்லை. கைப்பேசியில் சொன்னால் பொட்டலம் கட்டி வீட்டுக்கே அனுப்புகிறார்கள் இப்போது. கறியும் சுத்தமாகத்தான் இருக்கிறது. பொடித்துண்டு வாங்கும் இளவயதினர் பலர் அங்கே போய்விட்டார்கள். தலைக்கறியும் குடலும் கேட்பவர்கள் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மளிகை வியாபாரம்' என்று மட்டும் எழுதும்படி கேட்டாய். எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை, பாதிதான். அன்று கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வயதில் பிள்ளைகள் எதைச் சொல்லிக் கேலி செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. இப்போது நீ மூடச் சொல்வதும் அதே பாதியைத்தான் என்பதால் இதை எழுதுகிறேன். குற்றம் சொல்வதாக நினைக்காதே, கண்ணு.

தோள்வலிக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். வாரநாட்களில் கத்தியைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டு நான் மளிகைப் பக்கம் உட்காருவேன்; ஞாயிறு மட்டும் கட்டையடியில் நிற்பேன். அவனுக்குக் கை நன்றாக வந்துவிட்டது, கழுத்துப் பகுதியில் மட்டும் இன்னும் அவசரப்படுகிறான்.

விடுமுறைக்கு வருவதானால் புரட்டாசியில் வராதே, உன் அம்மா அடுப்பில் கறி ஏற்ற விடமாட்டாள். ஐப்பசியில் வா. குழந்தைகளுக்கு நல்லி எலும்பு எடுத்துவைக்கிறேன். நாளை ஞாயிறு, மூன்றரை மணிக்குத் தொட்டிக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா