கோஸ்டர்ஸ் பாடல்களைத் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களைத் தொகுத்து வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வேடிக்கைப் பாட்டுத் தொகுப்பு என்றாலே அமெரிக்கப் பாட்டுக் குழுவான கோஸ்டர்ஸின் பாட்டு ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் யார் பாடியது, எந்த ஆண்டுப் பதிவு என்று அட்டையில் போடுவதில்லை. மற்ற குழுக்களுக்கு இது சின்னக் குறை. இவர்கள் விஷயத்தில் ஆளே மாறிவிடுகிறது.

1955இல் லாஸ் ஏஞ்சலஸில் கார்ல் கார்ட்னரும் பாபி நன்னும் ராபின்ஸ் குழுவை விட்டு வந்து, பில்லி கை, லியோன் ஹியூஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய குழு இது. 1957இன் 'சர்ச்சின்' அந்த லாஸ் ஏஞ்சலஸ் காலத்துப் பாட்டு. அடுத்த ஆண்டு நியூயார்க் போனபோது நன்னும் ஹியூஸும் இல்லை. கார்னெல் கன்டரும் டப் ஜோன்ஸும் வந்திருந்தார்கள். அமெரிக்கப் பாடல் பட்டியலில் 1958இல் முதலிடம் பிடித்த 'யாக்கெட்டி யாக்', 1959இல் இரண்டாமிடம் வந்த 'சார்லி பிரவுன்', பிறகு 'பாய்சன் ஐவி' எல்லாம் இந்த அணி பாடியவை. பிற்காலத்தில் பழைய உறுப்பினர்கள் ஆளுக்கொரு குழுவை இதே பெயரில் நடத்தினார்கள். பழைய பாட்டுகளையே திரும்பப் பாடிய மறுபதிவுகளும் வந்தன. மலிவுத் தொகுப்புகளில் நுழைவது பெரும்பாலும் அவைதான்.

சோதிப்பது எளிது. 'சர்ச்சின்' மோனோவாக, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக, வந்த தட்டு. உங்கள் கோப்பில் ஒரு சேனலின் ஒலியலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். பாட்டு மறைந்து தட்டின் கரகரப்பு மட்டும் மிஞ்சினால் அது மோனோ. டிரம்ஸோ குரலோ மிஞ்சினால் மோனோவைப் பிரித்துக் காட்டும் போலி ஸ்டீரியோ, அல்லது மறுபதிவு. மறுபதிவையே மோனோவாக்கியிருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், முதலில் ஆட்கோ நிறுவனம் வெளியிட்ட 45 சுற்றுத் தட்டோடு ஒப்பிட்டு வேகத்தையும் குரல்களையும் கேட்டுவிடுங்கள். 'யாக்கெட்டி யாக்'குக்கு அசல் ஸ்டீரியோவே உண்டு. அங்கே காதுதான் சாட்சி. கிங் கர்ட்டிஸின் கொத்திக் கொத்தி ஓடும் சாக்சபோனை மற்றவர்கள் சுரம் பிசகாமல் வாசித்துவிடுவார்கள், அந்தத் துடுக்கு வராது.

அசல் நாடாவே கையில் இருந்தாலும் அதைக் கெடுக்க வழியுண்டு. லீபரும் ஸ்டோலரும் இரண்டு நிமிட நாடகமாகவே இவற்றை எழுதினார்கள். எல்லோரும் சேர்ந்து பாடி நிறுத்த, டப் ஜோன்ஸின் அடித்தொண்டை ஒரே வரியில் குட்டு வைக்கும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஷனை ஏற்றினால் அந்த இடைவெளியில் இரைச்சல் மேலெழுந்து, குட்டு முனை மழுங்கிப்போகிறது. இரைச்சல் நீக்கியை அழுத்தினாலோ மெய்யெழுத்துகள் தேய்ந்துவிடும். சொல் புரியாத நையாண்டிக்கு யார் சிரிப்பார்கள்? 'டிக்' என்று விழும் சொடுக்குகளைக் கையால் எடுங்கள், இரைச்சலை விட்டுவிடுங்கள்.

அட்டையில் நாங்கள் கேட்பது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி: பதிவான ஆண்டு, ஊர், பாடிய நால்வர், சாக்சபோன் வாசித்தவர். மறுபதிவு என்றால் அதையும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய தட்டுகளைச் சேகரிப்போர் சிலர்